எல்லையறிதல்

விதியை அறிதல் கல்வியின் ஒரு பாதி. அவ்விதி செல்லும் எல்லையை அறிதல் மற்றொரு பாதி. விதியை மட்டும் கற்று அதன் எல்லையைக் கல்லாதவன், ஓடம் செலுத்தப் பயின்றும் ஆற்றின் ஆழத்தை அறியாதவனை ஒப்பான். அவன் கற்ற கல்வியே அவனுக்கு இடர் விளைத்தலும் கூடும். இவ்வுண்மை இலக்கணத்திற்கும் பொருந்தும்; கணக்கிற்கும் பொருந்தும். கணக்கில் இவ்வெல்லையை மதிப்பகம் என்பர். அவ்வெல்லையுள் நின்று விதி தரும் பயன்களின் தொகுதியை வீச்சகம் என்பர். இவ்விரண்டும் யாவை, இவற்றைக் காணும் முறை யாது, எழுதும் முறை யாது, இவற்றைக் கருதாமையால் நேர்ந்த கேடு யாது என்பனவற்றை இப்பாடத்தில் காண்போம்.

இலக்கண விதியும் அதன் எல்லையும்

நாம் முன்னரே கற்ற இலக்கண விதி ஒன்றை முதற்கண் எடுத்துக்கொள்வோம். உயிரை ஈற்றிலே உடைய ஒரு சொல்லும், உயிரை முதலிலே உடைய மற்றொரு சொல்லும் புணரும்போது, அவ்விரண்டு உயிர்களையும் இணைத்தற்கு இடையே ஒரு மெய் தோன்றும். அஃது உடம்படுமெய் எனப்படும். முதற்சொல்லின் ஈறு இகரமாகவோ, ஈகாரமாகவோ, ஐகாரமாகவோ இருப்பின், யகர மெய் தோன்றும். மணி, அழகு என்னும் சொற்கள் மணியழகு என்றாகும். ஈறு வேறு உயிராயின் வகர மெய் தோன்றும். பலா, இலை என்னும் சொற்கள் பலாவிலை என்றாகும். ஏகார ஈறு மட்டும் இரண்டு மெய்களுக்கும் இடந்தரும். சே, அடி என்பன சேயடி என்றும் வரும். சேவடி என்றும் வரும்.

இவ்விதியைச் சற்று உற்றுநோக்குக. ஈற்றெழுத்து ஒன்றை நாம் விதிக்குக் கொடுக்கின்றோம். விதி ஒரு மெய்யை நமக்குத் திருப்பித் தருகின்றது. எவ்வீற்றையும் இதற்குக் கொடுக்கலாமோ? ‘கல்’ என்னும் சொல்லின் ஈறு மெய். அதனைக் கொடுப்பின் இவ்விதி விடை கூறாது. ‘வரகு’ என்பதன் ஈறு குற்றியலுகரம். ‘அரிசி’ என்பதனோடு அது புணருங்கால், தன் உகரம் கெட்டு ‘வரகரிசி’ என்றாகுமேயன்றி, வகரம் பெற்று நில்லாது. ஆகவே மெய்யீறும் குற்றியலுகர ஈறும் இவ்விதியின் எல்லைக்குப் புறம்பானவை என்பது பெறப்படும். இனி, இவ்விதி தருவன யாவை? தமிழில் மெய்கள் பதினெட்டு உளவேனும், இவ்விதி தருவன யகரமும் வகரமும் ஆகிய இரண்டே.

கொடுக்கத் தகுவனவற்றின் தொகுதி ஒன்று. பெறக்கூடுவனவற்றின் தொகுதி மற்றொன்று. இவ்விரண்டையும் வரையறுத்தாலன்றி ஒரு விதியை முற்றும் அறிந்தவராக மாட்டோம். இலக்கண நூலார் விதியைக் கூறியதோடு அமையாது, அது செல்லாத இடத்தையும் விலக்காக எடுத்துக் கூறியது இதுபற்றியே என்க.

சார்பு என்பது

கணக்கிலும் இத்தகைய விதிகள் உள. ஓர் எண்ணைக் கொடுத்தால், அதனைச் சார்ந்து வேறோர் எண்ணைத் தரும் விதியைச் சார்பு என்பர். ஆயின், சார்பு எனப்படுவதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஓர் எண்ணைக் கொடுத்தால் ஒரே ஓர் எண்தான் பயனாக வருதல் வேண்டும். ஏகார ஈற்றைக் கொடுக்க யகரமும் வகரமும் வருதல் போல, ஒன்றைக் கொடுக்க இரண்டு வருமாயின் அது சார்பாகாது. இரண்டைக் கொடுக்க ஒன்றே வருதல் குற்றமன்று. இகரத்திற்கும் ஐகாரத்திற்கும் யகரமே வருதல் போல, 3 என்பதை வர்க்கப்படுத்தினும் 9 வரும். −3 என்பதை வர்க்கப்படுத்தினும் 9 வரும்.

இக்கருத்துக்குப் பதினேழாம் நூற்றாண்டில் பெயரிட்டவர் செர்மானிய அறிஞர் லைப்னிட்சு என்பவர். சுவிட்சர்லாந்து நாட்டின் பேசல் நகரில் 1707ஆம் ஆண்டு பிறந்த ஆய்லர் என்னும் பேரறிஞர், 1734ஆம் ஆண்டில் இதனை எழுத்தும் அடைப்பும் கொண்டு சுருங்க எழுதும் முறையை வழங்கினார். உலகெங்கும் மாணவர் இன்று எழுதுவது அம்முறையே.

நாம் இப்பாடத்தில் எளிமை கருதி, கொடுக்கும் எண்ணை ‘அ’ என்றும், வரும் பயனைப் ‘ப’ என்றும் குறிப்போம். ‘கொடுத்த எண்ணை இரண்டால் பெருக்கி, ஒன்று கூட்டுக’ என்பது விதியாயின், அதனை ப = 2அ + 1 என எழுதலாம். 5-ஐக் கொடுத்தால் 11 வரும். 0-ஐக் கொடுத்தால் 1 வரும். ஒரு சார்புக்குக் கொடுக்கத்தகும் எண்கள் அனைத்தின் தொகுதியே அதன் மதிப்பகம். சார்பகம் என்று இதனைக் கூறுதலும் உண்டு. அவ்வெண்களைக் கொடுக்க வரும் பயன்கள் அனைத்தின் தொகுதியே அதன் வீச்சகம்.

இடைவெளிகளை எழுதும் முறை

மதிப்பகத்தையும் வீச்சகத்தையும் எழுதுவது யாங்ஙனம்? இலக்கண விதிக்குரிய எழுத்துகளை எண்ணி எழுதிவிடலாம். எண்களை அவ்வாறு எழுத இயலாது. 2-க்கும் 7-க்கும் இடையே 3, 4, 5, 6 என்னும் முழுவெண்கள் மட்டுமா உள்ளன? 2.5 உண்டு, 2.51 உண்டு, 2.511 உண்டு. ஓர் ஆயுள் முழுவதும் எழுதினும் அவை முடியா. ஆகலின் இடைநின்ற எண்களை எழுதாது, இரண்டு முனைகளை மட்டும் எழுதி, இடைப்பட்டன அனைத்தையும் கொள்ளுமாறு ஒரு குறியீட்டை அமைத்துள்ளனர். அதுவே இடைவெளிக் குறியீடு.

இக்குறியீட்டில் இருவகை அடைப்புகள் வரும். ஒன்று, பகர எழுத்துப் போலும் வடிவுடைய பகர அடைப்பு. மற்றொன்று, பிறை போல் வளைந்த பிறை அடைப்பு. பகர அடைப்பு, முனையில் நிற்கும் எண்ணையும் உட்படுத்தும். பிறை அடைப்பு, அதனை விலக்கும். எனவே,

[2, 7] என்பது 2-ம் 7-ம் உள்ளிட்ட, இடைப்பட்ட எண்கள் அனைத்தையும் குறிக்கும். இது மூடிய இடைவெளி.

(2, 7) என்பது 2-ம் 7-ம் நீங்க, இடைப்பட்ட எண்கள் அனைத்தையும் குறிக்கும். இது திறந்த இடைவெளி.

[2, 7) என்பது 2-ஐக் கொண்டு 7-ஐ விலக்கும். (2, 7] என்பது 2-ஐ விலக்கி 7-ஐக் கொள்ளும். இவை பாதி திறந்தவை.

எல்லை ஒரு பக்கத்தில் முடிவின்றிச் செல்லுமாயின் ∞ என்னும் முடிவிலிக் குறியை இடுவர். இக்குறியை 1655ஆம் ஆண்டில் வழங்கியவர் ஜான் வாலிசு என்னும் ஆங்கில அறிஞர். [4, ∞) என்பது 4-ம், அதனின் மிக்க எண்கள் அனைத்தும் எனப் பொருள்படும். முடிவிலியின் பக்கத்தில் எப்பொழுதும் பிறை அடைப்பே வருதல் வேண்டும். ஏனெனின், முடிவிலி என்பது சென்று சேர்தற்குரிய ஓர் எண் அன்று. சேராத ஒன்றை உட்படுத்தினோம் என்று கூறுதல் பொருந்தாது. எல்லா மெய்யெண்களையும் குறிக்க (−∞, ∞) என எழுதுவர். இரண்டு இடைவெளிகளைச் சேர்த்துக் கூற வேண்டின், இடையே ∪ என்னும் சேர்ப்புக் குறியை இடுவர்.

அடைப்பின் வடிவு சிறிது. அதனால் விளையும் பொருள் வேறுபாடு பெரிது. ‘பத்து வயது நிரம்பினோர்’ என்பதற்கும், ‘பத்து வயதுக்கு மேற்பட்டோர்’ என்பதற்கும் வேறுபாடு உண்டன்றோ? இன்று பத்து வயது நிரம்பும் சிறுவன் முன்னதில் அடங்குவான்; பின்னதில் அடங்குவானோ என்னும் ஐயம் எழும். அவ்வையத்திற்கு இடமின்றி உரைப்பதே இவ்வடைப்புகளின் பணி.

மதிப்பகம் காணும் முறை

ஒரு சார்பின் மதிப்பகத்தைக் காண விரும்புவோர் மூன்று வினாக்களை வினவிக்கொள்ளுதல் நலம்.

முதல் வினா: வகுக்கும் இடத்தில் சுழியம் வருமோ? சுழியத்தால் வகுத்தல் கணக்கில் இல்லை. ப = 1 ÷ (அ − 3) என்னும் சார்பை நோக்குக. 3-ஐக் கொடுப்பின் வகுக்கும் எண் சுழியமாகிவிடும். விதி விடை தாராது. 3 ஒன்றே விலக்கு. ஏனைய எண்கள் அனைத்தையும் கொடுக்கலாம். ஆகவே இதன் மதிப்பகம் (−∞, 3) ∪ (3, ∞) ஆகும்.

இரண்டாம் வினா: வர்க்கமூலக் குறியின் உள்ளே குறையெண் வருமோ? எந்த மெய்யெண்ணை வர்க்கப்படுத்தினும் குறையெண் வாராது. ஆதலின் குறையெண்ணுக்கு மெய்யெண்களுள் வர்க்கமூலம் இல்லை. ப = √(அ − 4) என்னும் சார்பில், அ − 4 என்பது சுழியமாகவோ நிறையெண்ணாகவோ இருத்தல் வேண்டும். எனவே அ என்பது 4-க்குக் குறையலாகாது. மதிப்பகம் [4, ∞) ஆகும். இதனையே சிறிது மாற்றி, ப = 1 ÷ √(அ − 4) என அமைப்பின் யாதாகும்? 4-ஐக் கொடுத்தால் வர்க்கமூலம் சுழியமாகும். அது வகுக்கும் இடத்தில் நிற்பதால் முதல் வினா தடுத்துவிடும். ஆகவே மதிப்பகம் (4, ∞) என்றாகும். பகர அடைப்புப் பிறை அடைப்பாயிற்று. ஓர் எண் வெளியேறியமையை அம்மாற்றம் காட்டுகின்றது.

மூன்றாம் வினா: விதி எப்பொருளைப் பற்றியது? மாணவர் பலரும் மறப்பது இவ்வினாவையே. 45 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு கல்லைக் கைவிடுகின்றோம் எனக் கொள்க. அது விழத் தொடங்கி அ நொடிகள் ஆனபின், தரையிலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ ப = 45 − 5அ² மீட்டர் ஆகும். இவ்விதியில் வகுத்தலும் இல்லை, வர்க்கமூலமும் இல்லை. முதலிரண்டு வினாக்களும் தடுக்கவில்லை. அவ்வாறாயின் 4-ஐக் கொடுக்கலாமோ? கொடுத்தால், உயரம் −35 மீட்டர் என்று விடை வரும். கல் நிலத்தைத் துளைத்து முப்பத்தைந்து மீட்டர் கீழே சென்றது என்பது அதன் பொருள்! −1-ஐக் கொடுக்கலாமோ? கல்லைக் கைவிடுவதற்கு ஒரு நொடி முன்னரே அது விழத் தொடங்கியது என்றாகும். விதி தடுக்கவில்லையேனும் பொருள் தடுக்கின்றது. கல் விழத் தொடங்கிய நொடி 0; தரையைத் தொடும் நொடி 3. ஆகவே இங்கு மதிப்பகம் [0, 3] ஆகும்.

ஈண்டு ஓர் உண்மையைக் கருத்தில் இருத்துக. எல்லை கடந்தபொழுது, சில விதிகள் விடை கூறாது நின்றுவிடும். சில விதிகள் தயங்காமல் பொய்விடை கூறும். விடை கூறாது நிற்பதை நாம் உடனே அறிவோம். பொய்விடையை அறிவதற்கு எல்லையை முன்னரே வகுத்திருத்தல் வேண்டும்.

வீச்சகம் காணும் முறை

மதிப்பகத்தைக் கண்டபின்னரே வீச்சகத்தைக் காணுதல் முறை. கல்லின் எடுத்துக்காட்டில், தொடக்கத்தில் உயரம் 45 மீட்டர், முடிவில் 0. இடையில் கல் எல்லா உயரங்களையும் கடந்தே வருகின்றது. ஆகவே வீச்சகம் [0, 45] ஆகும்.

ப = √(அ − 4) என்பதில், 4-ஐக் கொடுக்கச் சுழியம் வரும். மேன்மேலும் பெரிய எண்களைக் கொடுக்கப் பயனும் மேன்மேலும் வளரும். எனவே வீச்சகம் [0, ∞) ஆகும். ப = 1 ÷ (அ − 3) என்பதில், ஒன்றை எவ்வளவு பெரிய எண்ணால் வகுத்தாலும் பயன் சுழியத்தை நெருங்குமேயன்றிச் சுழியமாகாது; சுழியம் நீங்கிய ஏனைய எண்கள் அனைத்தும் பயனாக வரும். ஆகவே வீச்சகம் (−∞, 0) ∪ (0, ∞) ஆகும்.

வீச்சகம் காண்பதில் ஒரு வழுக்குநிலம் உண்டு. ப = அ² என்னும் சார்புக்கு மதிப்பகம் [−2, 3] என்று வைத்துக்கொள்வோம். வீச்சகம் யாது? முனைகளை மட்டும் நோக்குவோர், −2-க்கு 4, 3-க்கு 9 எனக் கண்டு, [4, 9] என்று எழுதிவிடுவர். ஆனால் 1-ம் அம்மதிப்பகத்தில் உள்ளதன்றோ? அதன் பயன் 1. சுழியமும் உள்ளது, அதன் பயன் 0. இவை [4, 9] என்பதில் அடங்கவில்லை. உண்மையான வீச்சகம் [0, 9] ஆகும். ஊரின் இரண்டு எல்லைக்கற்களைக் கண்டவன் ஊர் முழுவதையும் கண்டவன் ஆகான். இடையில் பயன் எங்கே மிகத் தாழ்கின்றது, எங்கே மிக உயர்கின்றது என்பதை ஆராய்ந்து காணுதல் வேண்டும்.

விதிகள் தொடர்ந்து வருதல்

உலகில் ஒரு விதி தனித்து நிற்றல் அரிது. ஒரு விதியின் பயனை மற்றொரு விதி வாங்கிக்கொள்ளும். அதன் பயனை வேறொரு விதி வாங்கிக்கொள்ளும். நெல்லைக் குத்துவோர் தரும் அரிசியை மாவரைப்போர் பெறுவதும், மாவைச் சமைப்போர் பெறுவதும் போல்வது இது. இவ்வாறு தொடரும்பொழுது கருதவேண்டுவது ஒன்று உண்டு. முதல் விதியின் வீச்சகம், இரண்டாம் விதியின் மதிப்பகத்துள் முழுதும் அடங்குதல் வேண்டும்.

‘கொடுத்த எண்ணிலிருந்து 7-ஐக் கழிக்க’ என்பது முதல் விதி. ‘வந்ததற்கு வர்க்கமூலம் காண்க’ என்பது இரண்டாம் விதி எனக் கொள்க. முதல் விதிக்கு [7, 32] என்னும் இடைவெளியிலுள்ள எண்களையே கொடுத்து வருகின்றோம். அதன் வீச்சகம் [0, 25]. வர்க்கமூல விதி அதனை இன்முகத்தோடு ஏற்று, [0, 5] என்னும் வீச்சகத்தைத் தருகின்றது. பல்லாண்டு இவ்வாறே நடக்கின்றது. ஒருநாள் வேறொருவர் வந்து, [2, 32] என்னும் இடைவெளியிலுள்ள எண்களைக் கொடுக்கத் தொடங்குகின்றார். முதல் விதி தடையின்றி ஏற்று, [−5, 25] என்னும் வீச்சகத்தைத் தருகின்றது. இரண்டாம் விதியோ குறையெண்ணைக் கண்டு திகைத்து நின்றுவிடுகின்றது. இரண்டு விதிகளிலும் யாதொரு மாற்றமும் செய்யப்படவில்லை. மாறியது கொடுக்கும் எண்களின் எல்லை ஒன்றே. அம்மாற்றம் அடுத்த விதியின் எல்லைக்குள் அடங்குமோ என்று எவரும் வினவாமையே குற்றம்.

இது வகுப்பறைக் கணக்கு என எண்ணற்க. இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்று, வானளாவிய ஏவூர்தி ஒன்றை ஒரு நொடிப்பொழுதில் திசைமாற்றி அழித்தது. அதனை இனிக் காண்போம்.

ஏவூர்தி அழிந்த வரலாறு

ஐரோப்பிய விண்வெளி முகமை, செயற்கைக்கோள்களை விண்ணிற் செலுத்துதற்கு ஏரியான் என்னும் பெயருடைய ஏவூர்திகளை அமைத்தது. அவற்றுள் ஏரியான் 4 என்பது 1988ஆம் ஆண்டு முதல் நன்கு பணியாற்றி வந்தது. அதனினும் ஆற்றல் மிக்க ஏரியான் 5 என்னும் புதிய ஏவூர்தியைப் பின்னர் உருவாக்கினர். அதன் முதற் பயணம் 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், தென்னமெரிக்காவின் வடகரையில் பிரெஞ்சுக் கயானாவிலுள்ள கூரு என்னும் ஏவுதளத்தில் தொடங்கியது. புவியைச் சூழ்ந்த காந்தப் புலத்தை ஆராய்தற்குரிய நான்கு செயற்கைக்கோள்கள் அதன் முடியில் வைக்கப்பெற்றிருந்தன.

ஏவூர்தி தன் சாய்வையும் இயக்கத்தையும் தானே அறிந்து செல்லுதற்கு அதனுள் ஒரு நெறியறி பொறி உண்டு. அஃது இயக்கத்தை அளந்து எண்களாக மாற்றும்; அவ்வெண்களைத் தலைமைக் கணிப்பொறி பெற்று ஏவூர்தியைச் செலுத்தும். ஒன்று பழுதுபடின் மற்றொன்று உதவுமாறு, ஒரே தன்மையவாகிய இரண்டு பொறிகளை வைத்திருந்தனர். அவற்றில் இயங்கிய மென்பொருள், ஏரியான் 4-இல் பயன்பட்டதேயாகும். பன்முறை பறந்து தேர்ந்தது ஆகலின், அதனைப் புதிய ஏவூர்திக்கும் எடுத்துக்கொண்டனர்.

அம்மென்பொருளில் ஒரு விதி இருந்தது. ஏவூர்தியின் கிடைத்திசை வேகத்தைச் சார்ந்த ஓர் எண், 64 பிட்டு அளவில் எழுதப்பெற்றிருக்கும். அதனை 16 பிட்டு அளவுள்ள முழுவெண்ணாக மாற்றுவதே அவ்விதியின் பணி. பிட்டு என்பது 0 அல்லது 1 என்னும் இரண்டில் ஒன்றைத் தாங்கும் சிற்றிடம். பதினாறு இடங்களில் 0-ஐயும் 1-ஐயும் மாற்றி மாற்றி வைப்பின், 65,536 வகைகள் அமையும். அவற்றுட் பாதியைக் குறையெண்களுக்கும், மறுபாதியைச் சுழியத்திற்கும் நிறையெண்களுக்கும் ஒதுக்கினால், −32,768 முதல் 32,767 வரையுள்ள முழுவெண்களையே குறிக்க இயலும். ஆகவே அவ்விதி ஏற்கும் எண்களின் எல்லை [−32768, 32767] என்னும் இடைவெளிக்குள் அடங்கியது. அதனைக் கடந்த எண்ணுக்கு அங்கே இடமில்லை.

அவ்வாறு மாற்றுதற்குரிய எண்கள் ஏழு இருந்தன. அவற்றுள் நான்கிற்கு, எல்லை கடப்பின் காத்துக்கொள்ளும் காப்பு அமைக்கப்பெற்றிருந்தது. மூன்றிற்கு அமைக்கப்பெறவில்லை. பொறியின் வேலைச்சுமை மிகாதிருத்தல் வேண்டும் என்பது ஒரு காரணம். அம்மூன்று எண்களும் எல்லையை அணுகா என்று கருதியது மற்றொரு காரணம். ஏரியான் 4 சென்ற வழிக்கு அக்கருத்துப் பொருந்தியதே. ஏரியான் 5-ஓ, எழுந்த சிறிது பொழுதிலேயே மிக்க கிடைத்திசை வேகம் கொள்ளும் வழியில் செல்வது. முதல் விதிக்குக் கொடுக்கும் எண்கள் மாறிவிட்டன. அதன் வீச்சகம் விரிந்தது. அடுத்த விதியின் மதிப்பகமோ விரியவில்லை.

ஏவூர்தி எழுந்தது. நாற்பது நொடிகளுக்குள் அவ்வெண் 32,767-ஐக் கடந்தது. துணைப்பொறி முதலில் நின்றது. நொடியின் பத்தில் ஒரு பங்கும் கழியுமுன் முதற்பொறியும் நின்றது. இரண்டிலும் இருந்தது ஒரே மென்பொருளாகலின், ஒன்றை வீழ்த்திய காரணமே மற்றொன்றையும் வீழ்த்தியது. நின்ற பொறி, தன் பழுதைத் தெரிவிக்கும் குறிப்பு ஒன்றைத் தலைமைக் கணிப்பொறிக்கு அனுப்பியது. தலைமைக் கணிப்பொறி அதனைப் பழுதுக்குறிப்பு என்று அறியாது, பறத்தற்குரிய அளவாகவே கொண்டுவிட்டது. முதற்பொறி எல்லை கடந்த எண்ணுக்கு விடை கூறாது நின்றது. தலைமைக் கணிப்பொறியோ எல்லைக்குப் புறம்பானதைப் பெற்றுப் பொய்விடை தந்தது. நாம் மேலே கூறிய இருவகைக் கேடும் ஒருங்கே நிகழ்ந்தன. இல்லாத சாய்வை நேர்செய்வதாக எண்ணி, அனல் உமிழும் குழாய்களை அது ஒருபுறமாகத் திருப்பியது. ஏவூர்தி வழியை விட்டுச் சாய்ந்தது. காற்றின் விசை தாங்காது உடையத் தொடங்கியது. ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் வெடித்துச் சிதறியது. அதில் மனிதர் எவரும் செல்லாமையால் உயிரிழப்பு நேரவில்லை. ஆயினும், அறிஞர் பலர் பல்லாண்டு உழைத்து ஆக்கிய நான்கு செயற்கைக்கோள்களும் அதனோடு அழிந்தன.

இதனை ஆராய அமைக்கப்பெற்ற குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ழாக் லூயி லியோன்சு என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர். அக்குழு 1996ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தன் அறிக்கையை அளித்தது. அதனால் வெளிப்பட்ட செய்தி ஒன்று நம்மை வியப்பிலும் வருத்தத்திலும் ஆழ்த்தும். எல்லை கடந்த அக்கணக்கு, ஏவூர்தி தரையில் நிற்கும்பொழுது பொறியைச் சீர்செய்தற்கு மட்டுமே வேண்டப்படுவது. எழுந்தபின் ஏரியான் 5-க்கு அதனால் யாதொரு பயனும் இல்லை. பழைய ஏவூர்திக்கு வேண்டியிருந்தமையால் எழுந்தபின்னும் ஓடவிட்ட அவ்வழக்கத்தை, புதியதிலும் அவ்வாறே விட்டுவைத்திருந்தனர். வேண்டாத கணக்கு ஒன்று வேண்டிய பயணத்தைக் கெடுத்தது.

அந்நிகழ்ச்சியோடு அம்முயற்சி முடிந்துவிடவில்லை. அழிந்தவற்றிற்கு ஈடாக நான்கு செயற்கைக்கோள்களை மீண்டும் ஆக்கி, 2000ஆம் ஆண்டில் இரண்டு உருசிய ஏவூர்திகளில் விண்ணுக்கு அனுப்பினர். ஏரியான் 5-ம் குறை நீக்கப்பெற்று, 2023ஆம் ஆண்டு வரை பணியாற்றி ஓய்வுபெற்றது. ஜேம்சு வெப் என்னும் பெருந்தொலைநோக்கியை 2021ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் விண்ணிற் கொண்டுசென்றதும் அவ்வேவூர்தியேயாகும்.

நாம் கொள்ளத்தக்கது

அப்பொறியை அமைத்தோர் கணக்கறியாதவர் அல்லர். அவர்தம் விதியும் பிழையுடையது அன்று. ஓர் எல்லைக்குள் மெய்யாக இருந்த விதியை, அவ்வெல்லையை மீண்டும் வினவாது வேறிடத்திற்குக் கொண்டுசென்றதே பிழை. முன்னர்ப் பலமுறை பயன்பட்டது என்பது, ஒரு விதி இனி எங்கும் பயன்படும் என்பதற்குச் சான்றாகாது. முன்னர்ப் பயன்பட்ட இடமும் இப்பொழுது பயன்படுத்தும் இடமும் ஒரே எல்லைக்குள் உள்ளனவோ என்று காணுதல் வேண்டும்.

மாணவர்களே! ஒரு சார்பைக் காணும்பொழுது, உடனே எண்ணைக் கொடுத்து விடைகாண விரையாதீர்கள். எவ்வெண்களைக் கொடுக்கலாம் என்று முதலில் வினவுங்கள். வகுத்தல் உண்டோ, வர்க்கமூலம் உண்டோ, பொருள் இடந்தருமோ என மூன்றையும் ஆராயுங்கள். முனைகளைக் கொள்வதோ விலக்குவதோ எனத் தெளிந்து, அதற்குரிய அடைப்பை இடுங்கள். பின்னர், வரும் பயன்களின் எல்லையைக் காணுங்கள். அப்பயனை வேறொரு விதி வாங்குமாயின், அதன் எல்லைக்குள் இஃது அடங்குமோ என்றும் நோக்குங்கள். இப்பழக்கம் தேர்வுத்தாளில் உங்களுக்கு மதிப்பெண் தரும். பிற்காலத்தில் நீங்கள் பாலம் அமைப்பினும், மருந்தின் அளவைக் கணிப்பினும், பொறிகளைச் செலுத்தினும், உங்களை நம்பியிருப்போருக்கு அது காவலாக நிற்கும்.

பயிற்சி

1. [3, 8) என்பதற்கும் (3, 8] என்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

2. ப = √(அ − 9), ப = 1 ÷ (அ + 6) என்னும் சார்புகளின் மதிப்பகத்தையும் வீச்சகத்தையும் இடைவெளிக் குறியீட்டில் எழுதுக.

3. ப = அ² என்னும் சார்பின் மதிப்பகம் [−4, 1] ஆயின், அதன் வீச்சகம் யாது? [1, 16] என்னும் விடை பிழையாதல் எவ்வாறு?

4. 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல்லின் உயரம் ப = 20 − 5அ² ஆயின், அச்சார்பின் மதிப்பகத்தையும் வீச்சகத்தையும் காண்க.

5. உடம்படுமெய் விதியில் ஏகார ஈற்றை உட்படுத்தினால் அது சார்பாகாமைக்குக் காரணம் யாது?

6. ஏரியான் 5 அழிந்தமைக்குரிய காரணத்தை, மதிப்பகம், வீச்சகம் என்னும் சொற்களைக் கொண்டு ஒரு பக்க அளவில் எழுதுக.